இல் ஃபோ கெ: பிரெஞ்சு சப்ஜங்க்டிவைக் காதால் பிடிக்க ஒரு வழிகாட்டி

பிரான்ஸில் புதிதாக வந்து இறங்கியவரின் காதில் சீக்கிரமே விழும் வாக்கியம் ஒன்று உண்டு. அலுவலக முகப்பிலோ மருத்துவரின் வரவேற்பறையிலோ இருப்பவர் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொல்வார்: "இல் ஃபோ கெ வூ ப்ரெனியே ராங்தேவூ." நீங்கள் முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று பொருள். பாடத்தில் "வூ ப்ரெனே" என்று மனப்பாடம் செய்தவருக்கு இங்கே ஏன் "ப்ரெனியே" என்று கேட்கிறது என்பது விளங்காது. ஊருக்கு ஊர் மாறும் உச்சரிப்பு போலும் என்று விட்டுவிடுவார். அப்படியல்ல. இடையில் நுழைந்த அந்தச் சின்ன ‘இ’ ஒலிதான் சப்ஜங்க்டிவ்: தேவை, விருப்பம், ஐயம் போன்றவற்றைச் சொல்லும்போது வினை எடுக்கும் தனி வடிவம். பிரெஞ்சில் "சுப்ழோங்க்தீஃப்" என்பார்கள்.

வகுப்புகளில் இது பெரும்பாலும் பி1 நிலையில் (ஐரோப்பிய மொழித்தேர்ச்சி அளவுகோலில் நடுநிலை, அதற்கு அடுத்தது பி2) வருகிறது. பிரான்ஸில் வாழும் தமிழர்களுக்கு அந்த நிலை இப்போது வெறும் படிப்பு விஷயம் இல்லை. 2024 ஜனவரி 26 அன்று வந்த குடியேற்றச் சட்டத்தின்படி, 2026 ஜனவரி முதல் பத்தாண்டு வதிவிட அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2 என்று மொழித்தகுதி உயர்ந்திருக்கிறது. ஆகவே ‘இதெல்லாம் இலக்கணப் பண்டிதர்களுக்கு’ என்று தள்ளிவைக்க முடியாது. தள்ளிவைக்கத் தேவையும் இல்லை. நீளமான பட்டியல்களோடு தொடங்கும் பாடங்கள்தான் இதைப் பூதமாக்கியிருக்கின்றன. காதோடு தொடங்கினால் வேலை பாதியாகக் குறையும்.

அதனால்தான் இந்தக் கட்டுரையில் பிரெஞ்சுச் சொற்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். சில குறிப்புகளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ‘ழெ’ (நான்) என்ற இடத்தில் வரும் ‘ழ’, நம் ழகரம் அல்ல. ‘ஜ’வை மென்மையாக உரசிச் சொல்லும் ஒலி. ‘த்யு’ (நீ) சொல்லும்போது உதடு ‘உ’வுக்குக் குவிய வேண்டும், நாக்கு ‘இ’யில் நிற்க வேண்டும். ‘ங்’ என்று எழுதியிருப்பதெல்லாம் மூக்கொலி. பின்னால் ‘க’ ஒலி ஒட்டக் கூடாது. ‘ன்’ என்று எழுதியிருந்தால் அது முழு னகரம், நாக்கு மேலே தொட வேண்டும். இந்த ங், ன் வேறுபாடு கீழே மிகவும் தேவைப்படும். ப, த, க, ஸ ஆகியவை வலிந்தும் மெலிந்தும் ஒலிக்கும். அதை எழுத்தில் காட்ட இயலாது, ஒலிப்பதிவைக் கேட்டுத்தான் பழக வேண்டும்.

முதல் படி: ‘அவர்கள்’ வடிவத்தைப் பிடியுங்கள்

பிரெஞ்சு நிகழ்காலத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒருமையில் வினையடியின் கடைசி மெய் ஒலிக்காமல் விழுந்துவிடும். ‘அவர்கள்’ என்ற படர்க்கைப் பன்மையில் அது திரும்பி வந்து ஒலிக்கும். முதலில் வருவது ‘அவர்’, அடுத்தது ‘அவர்கள்’:

கிளம்ப: பார், பார்த்
முடிக்க: ஃபினி, ஃபினிஸ்
வைக்க: மே, மெத்
படிக்க: லி, லீஸ்
எழுத: எக்ரி, எக்ரீவ்
தூங்க: தோர், தோர்ம்
காத்திருக்க: அத்தாங், அத்தாங்த்
எடுக்க: ப்ராங், ப்ரென்
வர: வியாங், வியென்
குடிக்க: புவா, புவாவ்

இரண்டாவதாக வரும் ஒலிதான் சப்ஜங்க்டிவ். அதை அப்படியே எடுத்து நான், நீ, அவர், அவர்கள் என நான்கு இடங்களிலும் வையுங்கள். "கெ ழெ பார்த், கெ த்யு பார்த், கில் பார்த்." ‘கெ’ என்பது இரண்டு வாக்கியங்களைப் பிணைக்கும் சொல், ‘இல்’ பின்னால் வந்தால் இரண்டும் சேர்ந்து ‘கில்’ ஆகும். ஒருமை, பன்மை இரண்டிலும் அது ‘கில்’தான்.

காதுக்கு இவ்வளவே. நான்கு இடத்துக்கும் ஒரே ஒலி. தன்மை, முன்னிலை, படர்க்கை ஒவ்வொன்றுக்கும் தனி விகுதி வைத்துப் பேசும் நமக்கு இது சலுகை என்றே சொல்ல வேண்டும்.

எழுதும்போது மட்டும் ஒலிக்காத விகுதிகளைச் சேர்க்க வேண்டும். ‘நான்’ வடிவத்தின் முடிவில் இ, ‘நீ’க்கு இ-எஸ், ‘அவர்’ என்றால் மறுபடி இ, ‘அவர்க’ளுக்கு இ-என்-டி. ஆங்கில எழுத்துகளின் பெயரிலேயே சொல்லியிருக்கிறேன். முன்னால் உள்ள மெய்யை ஒலிக்கச் செய்வது அந்த இ-தான்.

பேசு, வேலை செய், சாப்பிடு, கேள் போன்ற இ-ஆர் முடிவு வினைகளில் இந்த நான்கு வடிவங்களும் சாதாரண நிகழ்காலத்தைப் போலவே இருக்கும், எழுத்திலும்கூட. "ழெ பார்ல்" என்றால் நான் பேசுகிறேன். "இல் ஃபோ கெ ழெ பார்ல்" என்றால் நான் பேச வேண்டும். பிரெஞ்சு வினைகளில் பெரும்பான்மை இந்த வகைதான் என்பதால், நீங்கள் இவ்வளவு நாளும் தெரியாமலேயே சப்ஜங்க்டிவ் பேசிக்கொண்டிருந்திருக்கலாம்.

இரண்டாம் படி: ‘நாம்’, ‘நீங்கள்’

மிச்சம் இருப்பவை ‘நூ’வும் ‘வூ’வும். இவற்றில் சாதாரண ‘ஓங்’, ‘ஏ’ முடிவுகளுக்கு முன் ஓர் ‘இ’ நுழைகிறது: "நூ பார்லியோங், வூ பார்லியே." எழுத்தில் ஐ-ஓ-என்-எஸ், ஐ-இ-ஸெட். இறந்தகாலத் தொடர்வினை படித்தவர்களுக்கு இது பழகிய முகம்; ‘நாம் பேசிக்கொண்டிருந்தோம்’ என்பதும் "நூ பார்லியோங்"தான். அந்த வடிவத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

சில வினைகள் இந்த இரண்டு இடங்களில் மட்டும் வேறு அடிக்குத் தாவும். ‘எடுக்க’: ப்ரென், ஆனால் ப்ரெனியோங், ப்ரெனியே. ‘வர’: வியென், ஆனால் வெனியோங், வெனியே. ‘குடிக்க’: புவாவ், ஆனால் ப்யுவியோங், ப்யுவியே. கடமைப்பட்டிருப்பதைச் சொல்லும் வினை: துவாவ், ஆனால் தெவியோங், தெவியே. தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். சாதாரண நிகழ்காலத்தில் ‘நூ’வுக்கு என்ன அடியோ (நூ வெனோங், நூ ப்யுவோங்) அதுதான் இங்கேயும் வருகிறது.

பேச்சைப் பொறுத்தவரை ‘நூ’ வடிவத்துக்காக அதிகம் கவலைப்பட வேண்டாம் என்பேன். அன்றாடப் பேச்சில் பிரெஞ்சுக்காரர்கள் ‘நாம்’ என்பதற்கு ‘ஓங்’ என்றே சொல்கிறார்கள். அதற்கு வினை ‘அவர்’ வடிவத்தில் வரும். "இல் ஃபோ கோங் பார்த்": நாம் கிளம்ப வேண்டும். ஆக, உங்கள் வாயில் உண்மையில் புழங்கப்போவது ‘யே’ ஒன்றுதான். எழுத்துத் தேர்வுக்குப் போகிறவர்கள் ‘யோங்’கையும் எழுதிப் பார்த்துவிடுங்கள். அடியே ஐ-யில் முடியும் வினைகளில் (மறக்க, படிப்பு படிக்க) இரண்டு ஐ அடுத்தடுத்து வரும். பார்ப்பதற்கு எழுத்துப் பிழை போல் இருக்கும், பிழை இல்லை.

மூன்றாம் படி: அடங்காத ஒன்பது

இந்த வழிக்கு வராத வினைகள் சில உண்டு. எண்ணிக்கை சிறிது, ஆனால் எல்லாமே நாள் முழுவதும் வாயில் உருளும் வினைகள்.

இருக்க: ஸுவா, ஸுவாயோங், ஸுவாயே.
உடைமை (என்னிடம் இருக்க): எ, எயோங், எயே.
போக: ஆய், அலியோங், அலியே.
செய்ய: ஃபாஸ், ஃபாஸியோங், ஃபாஸியே.
முடிய (இயல): ப்வீஸ், ப்வீஸியோங், ப்வீஸியே.
தெரிய: ஸாஷ், ஸாஷியோங், ஸாஷியே.
விரும்ப: வெய், வூலியோங், வூலியே.
மதிப்புப் பெற: வாய், வலியோங், வலியே.
‘வேண்டும்’ என்ற ‘ஃபோ’ வினையே சப்ஜங்க்டிவில் வந்தால் ‘ஃபாய்’. அதற்கு ‘இல்’ தவிர வேறு எழுவாய் கிடையாது.

முதல் ஆறும் தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். கடைசி மூன்றும் கண்ணால் பார்த்தால் அடையாளம் தெரிந்தால் இப்போதைக்குப் போதும்.

எழுத்தில் இருக்க, உடைமை ஆகிய இரண்டும் தனிக்காட்டு ராஜாக்கள். மற்ற வினைகள் எல்லாம் ‘அவர்’ வடிவத்தில் இ-யில் முடியும்போது, இவை இரண்டும் டி-யில் முடியும்: எஸ்-ஓ-ஐ-டி, ஏ-ஐ-டி. ‘நாம்’, ‘நீங்கள்’ வடிவங்களில் ஒய்-க்குப் பிறகு ஐ வராது. ‘ஸுவாயோங்’ என்பதை எழுதும்போது உள்ளே ஓர் ஐ-யைச் சொருகுவது, தாய்மொழியாகப் பேசுகிறவர்களிடமும் சகஜமாகக் காணக்கூடிய பிழை.

‘போக’ வினையின் ‘ஆய்’ உங்களுக்கு உடனே பயன்படும். விருந்திலிருந்தோ வேலையிடத்திலிருந்தோ விடைபெறும்போது நாம் ‘போய் வருகிறேன்’ என்கிறோம். அவர்கள் சொல்வது: "இல் ஃபோ கெ ழியாய்." அவசரத்தில் முன்னால் உள்ள ‘இல்’ உதிர்ந்து "ஃபோ கெ ழியாய்" என்றே கேட்கும். இடையில் உள்ள ‘இ’ ஒலி ‘அங்கே’ என்று பொருள்படும் சிறு சொல். இதை ஒரே மூச்சில் சொல்லப் பழகிவிட்டால், சப்ஜங்க்டிவுக்கு வாய் திறந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

நான்காம் படி: எப்போது வரும்?

பாடப்புத்தகங்கள் இந்த இடத்தில் விருப்பம், கட்டளை, ஐயம், உணர்ச்சி என்று வகை பிரித்து நீண்ட பட்டியல் தரும். பட்டியல் தவறில்லை. ஆனால் தமிழ் பேசுகிறவர் கையில் அதைவிட எளிய உரைகல் ஒன்று இருக்கிறது. ‘கெ’க்குப் பின்னால் வரப்போகும் செய்தியை முதலில் இயல்பான தமிழில் சொல்லிப் பாருங்கள். அது ‘வருவார்’, ‘வருகிறார்’ என்று உறுதியான வினைமுற்றாக நிற்கிறதா, அல்லது ‘வர’, ‘வரக்கூடும்’, ‘வருவாரோ’, ‘வருவது’ என்று வேறு உருவம் எடுக்கிறதா?

அவர் வருவார் என்று நினைக்கிறேன்: "ழெ பாங்ஸ் கில் வியாங்த்ரா." முற்று வினை, சாதாரண எதிர்காலம்.

அவர் வர வேண்டும் என்று விரும்புகிறேன்: "ழெ வெ கில் வியென்." சப்ஜங்க்டிவ்.

அநேகமாக அவர் வருவார்: "இல் எ ப்ரொபாப்ல் கில் வியாங்த்ரா." மறுபடி முற்று.

அவர் வரக்கூடும்: "இல் எ போஸிப்ல் கில் வியென்." சப்ஜங்க்டிவ்.

வருவாரோ என்று பயமாக இருக்கிறது: "ழே பெர் கில் வியென்." வருவாரா என்பது சந்தேகம்: "ழெ தூத் கில் வியென்." அவர் இங்கே இருப்பதில் எனக்கு மகிழ்ச்சி: "ழெ ஸ்வி கோங்தாங் கில் ஸுவா லா."

‘சாத்தியம்’ என்றால் சப்ஜங்க்டிவ், ‘அநேகமாக’ என்றால் சாதாரண வடிவம் என்ற வேறுபாடு பல மாணவர்களைக் குழப்புவது. தமிழில் ‘வரக்கூடும்’, ‘வருவார்’ என்று நாமே பிரித்துத்தான் பேசுகிறோம் என்று தெரிந்தால் குழப்பம் இல்லை. ‘நம்புகிறேன்’ என்பதும் அப்படித்தான். "ழெஸ்பேர் கெ" என்பதற்குப் பின்னால் சப்ஜங்க்டிவ் வராது. ஸ்பானியம் படித்துவிட்டு பிரெஞ்சுக்கு வருகிறவர்கள் இங்கே தடுக்கி விழுவார்கள். நமக்கு ‘வருவார் என்று நம்புகிறேன்’ என்பதே வழிகாட்டிவிடும். அதே பொருள் போலத் தோன்றும் ‘வர வேண்டும் என்று வாழ்த்துகிறேன், விழைகிறேன்’ ("ழெ ஸுவேத் கெ") என்றால் சப்ஜங்க்டிவ்.

இந்த உரைகல் எல்லா இடத்திலும் உரசாது. இரண்டு இடங்களில் கை விரிக்கும். ஒன்று, மறுத்துச் சொல்லும் ‘நினைக்கவில்லை’. ‘அவர் நோயாளி என்று நான் நினைக்கவில்லை’ என்னும்போது தமிழில் எதுவும் மாறுவதில்லை. பிரெஞ்சில் "ழெ பாங்ஸ் கில் எ மலாத்" என்பது "ழெ நெ பாங்ஸ் பா கில் ஸுவா மலாத்" என்று மாறிவிடும். நினைப்பு உறுதியாக இருந்தவரை சாதாரண வடிவம், மறுத்தவுடன் சப்ஜங்க்டிவ். மற்றொன்று, ‘ஏனென்றால்’, ‘போது’ போன்ற காரண, காலச் சொற்கள். ‘அவர் வருவதால்’, ‘அவர் வரும்போது’ என்று தமிழில் முற்று இல்லாவிட்டாலும் பிரெஞ்சில் அவை சாதாரண வடிவத்தையே கேட்கும். ‘என்று’ போட்டுப் பிணைக்கக்கூடிய கருத்துகளுக்குத்தான் இந்தச் சோதனை.

சில இணைப்புச் சொற்கள் யோசனைக்கே இடம் தராமல் சப்ஜங்க்டிவைக் கேட்பவை. அவற்றை அப்படியே மனதில் பதித்துக்கொள்ள வேண்டியதுதான்: பூர் கெ (அதற்காக), அவாங் கெ (அதற்கு முன்), ழ்யுஸ்கா ஸெ கெ (அதுவரை), பியாங் கெ (அப்படி இருந்தும்), ஸாங் கெ (அது நடக்காமல்), ஆ கோங்திஸியோங் கெ (என்ற நிபந்தனையில்), ஆ முவாங் கெ (அப்படி நடந்தாலொழிய).

‘முன்’ சப்ஜங்க்டிவ் கேட்டால் ‘பிறகு’ம் கேட்க வேண்டும் அல்லவா? இலக்கணப்படி இல்லை. "அப்ரே கெ"வுக்குப் பின் சாதாரண வடிவம்தான். நடந்து முடிந்த காரியத்தில் ஐயம் ஏது என்பது அதன் தர்க்கம். பிரெஞ்சு மொழியின் காவலனாக இருக்கும் பிரெஞ்சு அக்காதெமியும் அதில் உறுதியாக நிற்கிறது. ஆனால் தெருவிலும் தொலைக்காட்சியிலும் கணிசமான பிரெஞ்சுக்காரர்கள் அங்கேயும் சப்ஜங்க்டிவ்தான் போடுகிறார்கள். தேர்வில் இலக்கணப்படி எழுதுங்கள். பேச்சில் எதிரில் இருப்பவரைத் திருத்தப் போகாதீர்கள்.

வீடு தேடுகிறவர்களுக்கு இன்னொன்று. ‘மெட்ரோவுக்குப் பக்கத்தில் இருக்கும் வீடு தேடுகிறேன்’ என்று சொல்லும்போது அப்படி ஒரு வீடு உண்டா என்பதே தெரியாது. அதனால் "கி ஸுவா ப்ரே த்யு மெத்ரோ". வீடு கிடைத்துவிட்டால் அதே தொடர் "கி எ ப்ரே த்யு மெத்ரோ" ஆகிவிடும். வாடகை விஷயத்தில் இந்த இலக்கணம் எந்த உதவியும் செய்யாது.

ஐந்தாம் படி: எழுவாய் இரண்டா, ஒன்றா?

நம்மவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. தமிழில் ‘நான் போக விரும்புகிறேன்’, ‘நீ போக வேண்டும்’ இரண்டிலும் ‘போக’ அசையாமல் நிற்கிறது. யார் போவது என்பதைப் பற்றி அந்த எச்சத்துக்குக் கவலை இல்லை. பிரெஞ்சுக்குக் கவலை உண்டு.

விரும்புகிறவரும் போகிறவரும் ஒருவரே என்றால் வினையின் அகராதி வடிவம் போதும்: "ழெ வெ பார்தீர்", நான் கிளம்ப விரும்புகிறேன். ஆள் வேறு என்றால் ‘கெ’யும் சப்ஜங்க்டிவும் கட்டாயம்: "ழெ வெ கெ த்யு பார்த்", நீ கிளம்ப வேண்டும் என்று நான் விரும்புகிறேன். "ழெ வெ கெ ழெ பார்த்" என்று ஒரே ஆளை இரண்டு முறை சொன்னால் கேட்பவர் முகம் சுளிப்பார். ‘நீ கிளம்ப’ என்பதை அப்படியே பெயர்த்து "ழெ வெ த்யு பார்தீர்" என்றாலும் வாக்கியம் நிற்காது.

இணைப்புச் சொற்களிலும் இதே கணக்கு. ஆள் ஒருவரே என்றால் "பூர் கெ", "அவாங் கெ", "ஸாங் கெ" ஆகியவை முறையே "பூர்", "அவாங் தெ", "ஸாங்" என்று சுருங்கி அகராதி வடிவத்தைச் சேர்த்துக்கொள்ளும். ‘பியாங் கெ’, ‘ழ்யுஸ்கா ஸெ கெ’ இரண்டுக்கும் அந்தச் சுருக்கம் இல்லை. ஆள் ஒருவரானாலும் சப்ஜங்க்டிவ்தான். "பியாங் கெ ழெ ஸுவா ஃபதிகே, ழெ த்ரவாய்": களைப்பாக இருந்தும் வேலை செய்கிறேன்.

‘இல் ஃபோ’வில் இந்தச் சிக்கல் இல்லை. அதில் உள்ள ‘இல்’ ஆளே அல்ல, வெற்று எழுவாய். "இல் ஃபோ பார்தீர்" என்றால் ‘கிளம்ப வேண்டும்’, யாரென்று சொல்லவில்லை. "இல் ஃபோ கெ ழெ பார்த்" என்றால் ‘நான்’ கிளம்ப வேண்டும். அதனால்தான் தொடக்கத்தில் ‘இல் ஃபோ கெ’ ஒன்றையே பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன்.

ஒரு வாக்கியத்தைக் கட்டிப் பார்ப்போம்

பள்ளிக்கு ஒரு குறிப்பு எழுத வேண்டும்: ‘மருத்துவர் பார்ப்பதற்காக என் மகன் மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும்.’

முதலில் ‘வேண்டும்’. "இல் ஃபோ" என்றே தொடங்கலாம். ஆனால் ஆசிரியரிடமோ அதிகாரியிடமோ அது கொஞ்சம் விறைப்பாக, ஆணை போல் விழும். "இல் ஃபோத்ரே" என்று மாற்றினால் ‘வேண்டியிருக்கிறது’ என்ற பணிவு வந்துவிடும். பின்னால் வருவதில் மாற்றம் இல்லை. அடுத்து ‘கெ’. அடுத்து ஆள்: "மோங் ஃபீஸ்", என் மகன். அடுத்து ‘கிளம்ப’. ‘அவர்கள் கிளம்புகிறார்கள்’ என்பது என்ன? ‘பார்த்’. த் ஒலிக்கிறது, அதையே வைக்கிறோம். "இல் ஃபோத்ரே கெ மோங் ஃபீஸ் பார்த் ஆ த்ருவாஸெர்."

இனி ‘மருத்துவர் பார்ப்பதற்காக’. கிளம்புகிறவன் மகன், பார்க்கிறவர் மருத்துவர், ஆள் இரண்டு. ஆகவே ‘பூர்’ மட்டும் போதாது, ‘பூர் கெ’. மருத்துவரால் பார்க்க ‘முடிய’ வேண்டும் என்பதால் அடங்காத ஒன்பதில் ஒன்றான ‘ப்வீஸ்’. "பூர் கெ லெ தொக்தெர் ப்வீஸ் லெ வுவார்." இரண்டையும் ஒட்டினால் குறிப்பு தயார்.

பிழை பார்க்க ஒரு தந்திரம்

இ-ஆர் வினைகளில் சப்ஜங்க்டிவ் காதுக்குத் தெரியாது என்றோம். வேறு சில வினைகளில் காதுக்கு ஒன்றாக இருந்து எழுத்தில் மட்டும் மாறும். ‘பார்க்க’ வினையின் ‘வுவா’ அப்படிப்பட்டது. சாதாரண நிகழ்காலத்தில் ‘நான்’ என்றால் எஸ்-இல் முடியும், சப்ஜங்க்டிவில் இ-யில் முடியும். எதை எழுதுவது? அந்த வினையை எடுத்துவிட்டு ‘செய்’ வினையை அங்கே வைத்துப் பாருங்கள். "இல் ஃபோ கெ ழெ..." என்றதும் வாய் தானாக ‘ஃபாஸ்’ என்றால் அது சப்ஜங்க்டிவ் இடம். "ழெ பாங்ஸ் கில்..." என்றதும் ‘ஃபே’ என்று வந்தால் சாதாரண இடம். வாய் தானாகச் சொல்லும் அளவுக்கு ‘ஃபாஸ்’ பழகியிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

அதற்கு வழி, நாளைக்குச் செய்ய வேண்டிய காரியங்களை இரவில் ‘இல் ஃபோ கெ ழெ’ போட்டுச் சத்தமாகச் சொல்வது. கடைக்குப் போக வேண்டும், சமைக்க வேண்டும், படிவத்தை நிரப்ப வேண்டும், அண்ணனுக்கு எழுத வேண்டும். பிறகு அதே பட்டியலை ‘கெ த்யு’ போட்டு வீட்டில் உள்ளவர்கள் தலையில் கட்டுங்கள். பயிற்சிப் புத்தகத்தில் கோடிட்ட இடம் நிரப்புவதைவிட இது சீக்கிரம் ஒட்டும்.

படிக்கும்போது மட்டும் கண்ணில் படுபவை

"அவாங் கில் நெ ப்லெவ்" என்று எழுதியிருந்தால் ‘மழை பெய்யாததற்கு முன்’ என்று பொருள் கொள்ளாதீர்கள். பயம், ‘முன்’, ‘ஒழிய’ ஆகியவற்றுக்குப் பின் தனியாக வரும் இந்த ‘நெ’ எதிர்மறை அல்ல. எழுத்து நடைக்கான அலங்காரம். பேச்சில் விட்டுவிடலாம். ‘நெ’யோடு ‘பா’வும் சேர்ந்தால்தான் மறுப்பு.

‘கெ’ இல்லாமலே வரும் சில சப்ஜங்க்டிவ்களும் உண்டு. அதிபர் உரை முடிவில் கேட்கும் "வீவ் லா ரெப்யுப்லீக், வீவ் லா ஃப்ராங்ஸ்" என்பதில் உள்ள ‘வீவ்’ அந்த வகை. நம் ‘வாழ்க’ போன்ற வியங்கோள் அது. இலக்கணத்தில் மிச்சமிருக்கும் பழைய நாணயம்.

எதிர்காலத்துக்கெனத் தனி சப்ஜங்க்டிவ் கிடையாது. நாளை வர வேண்டும் என்றாலும் அடுத்த ஆண்டு வர வேண்டும் என்றாலும் இதே ‘வியென்’தான். முடிந்த செயலைச் சொல்ல ‘எ’ அல்லது ‘ஸுவா’வோடு இறந்தகால எச்சத்தைச் சேர்ப்பார்கள்: "ழெ ஸ்வி கோங்தாங் கெ த்யு ஸுவா வென்யு", நீ வந்ததில் மகிழ்ச்சி. இரண்டு வடிவங்களையும் ஏற்கெனவே படித்துவிட்டீர்கள்.

பழைய நாவல்களில் ‘வாங்’, ‘ஃப்யு’ என்று தலையில் தொப்பி போட்ட எழுத்துகளோடு வரும் இறந்தகால சப்ஜங்க்டிவ் வடிவங்களைக் கண்டால் கலங்க வேண்டாம். அவற்றுக்குப் பதில் நிகழ்கால சப்ஜங்க்டிவையே எழுதலாம் என்று பிரெஞ்சுக் கல்வி அமைச்சகம் 1901 பிப்ரவரி 26 ஆணையில் ஓரளவுக்கும், 1976 டிசம்பர் 28 ஆணையில் இன்னும் தாராளமாகவும் சலுகை அளித்துவிட்டது. ‘அவர் வர வேண்டும் என்று விரும்பினேன்’ என்பதற்கும் இன்று "கில் வியென்" என்றே எழுதலாம்.